ஓநாய் மனிதனும் புலிக்கால் முனிவரும்

அமெரிக்கப் படக்கதைப் பதிப்பாளர்கள் 1954-ஆம் ஆண்டில் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறிமுறைச் சட்டம், இரத்தக் காட்டேரியையும் நடமாடும் பிணத்தையும் விலக்கியதோடு, பௌர்ணமி இரவில் ஓநாயாக மாறும் மனிதனையும் அறவே தள்ளி வைத்திருந்தது. 1971-இல் அச்சட்டம் தளர்ந்து, பழைய இலக்கிய மரபை ஒட்டி எழுதப்படுமாயின் இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் போன்ற பாத்திரங்களுக்கு இடமுண்டு என்று இசைந்தபின், மார்வெல் நிறுவனத்தார் அதிகம் தாமதிக்கவில்லை. 1972 பிப்ரவரி எனத் தேதியிட்ட 'மார்வெல் ஸ்பாட்லைட்' இரண்டாம் இதழில் ஜாக் ரஸ்ஸல் என்னும் இளைஞன் ஓநாய் மனிதனாகப் பிரவேசித்தான். அவ்வாண்டு செப்டம்பரிலேயே 'வேர்வுல்ஃப் பை நைட்' என்ற தனி இதழும் அவனுக்கு வாய்த்தது. ஆயினும் அவன் கதைக்கு மெய்யான முதல் இதழ் 'ஸ்பாட்லைட்' இதழே என்பதால், நம் பரிசீலனையும் அதனோடு நிற்கும்.

கதை எழுதியவர் ஜெர்ரி கான்வே. சித்திரம் மைக் ப்ளூக். பதினெட்டு வயது நிரம்பியதும் தந்தைவழிச் சாபம் ஜாக்கைப் பற்றுகிறது. கார் விபத்தில் மரணத் தறுவாயில் கிடக்கும் தாய், குலத்தின் இரகசியத்தைச் சொல்லி, மாற்றாந்தந்தை பிலிப்புக்குத் தீங்கு செய்வதில்லை என்று அவனிடம் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டு கண் மூடுகிறாள். வில் ஐஸ்னரிடம் பணிபுரிந்து பழகிய ப்ளூக்கின் தூரிகைக்கு இருட்டின் கனம் நன்றாகத் தெரியும். மனிதன் மிருகமாகும் கணத்தைச் சினிமா அங்குலம் அங்குலமாகக் காட்டியாக வேண்டும். படக்கதைக்கோ அந்த நிர்ப்பந்தமில்லை. ஒரு கட்டத்தில் மனிதன், அடுத்ததில் ஓநாய், இரண்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளைக் கோடு. மாற்றம் முழுவதும் வாசகனின் மனத்தில் நிகழ்ந்துவிடுகிறது. இந்தச் சிக்கனத்தை நான் மனமாரப் பாராட்டுவேன்.

கான்வேயின் உத்தியை அவ்வளவு எளிதில் பாராட்ட முடியவில்லை. கதை முழுவதையும் ஜாக்கே தன்மையில் சொல்லுகிறான். பகுத்தறிவு அற்றுப்போன விலங்கின் செயல்களை, வாக்கியப் பிழையின்றி, துக்கமும் அலங்காரமும் கலந்து ஓர் இளைஞன் வர்ணிக்கும்போது, அந்த விலங்கினிடம் நமக்கு எழவேண்டிய அச்சம் பாதியாகக் குறைந்து, அதன்மீது ஒருவகை அனுதாபம் பிறக்கிறது. அனுதாபம் ஆசிரியரின் நோக்கமாகவே இருக்கலாம். அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வாசகன் இக்கதையைப் படிக்கையில் வியாக்கிரபாதரை நினையாமல் இருக்க முடியாது. பொழுது புலர்ந்து வண்டு தீண்டுமுன் மலர் கொய்ய வேண்டும், அதற்கு வழுக்காமல் மரமேற வேண்டும் என்று புலியின் கால்களைச் சிவபெருமானிடம் வேண்டிப் பெற்றவர் அவர் என்பது ஐதீகம். தில்லை எனப்படும் சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும், கடலூரின் பாடலீசுவரர் கோயில் பகுதிக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்றும் வழங்கும் பெயர்கள் அவரைச் சார்ந்தவையே. தில்லையில் அவருக்குத் துணை, இடைக்குக் கீழே பாம்பான பதஞ்சலி. மிருக உறுப்பு பூண்ட மனிதன் இவ்வூர்களில் பீதியின் சின்னமாகாமல் பூசைக்கு உரியவன் ஆனதற்குக் காரணம், அந்த உடலை அவன் தானே விரும்பிக் கேட்டான் என்பது. ஜாக்குக்கு மறுக்கப்படுவது இந்த விருப்பந்தான்.

அதே 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'யை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 முதல் வந்த சித்திரத் தொடரின் நாயகன் லூயிஸ் கிராண்டல். அத்தொடர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் வரைந்தது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பூண்ட அவன், மின்சாரம் பாய்ந்தால் கை ஒன்று நீங்கலாக உடல் முழுவதும் மறைந்துபோவான். முதல் மறைவு தற்செயல். பிறகோ அவனே மின்சாரத்தைத் தேடிச் செல்கிறான், அதைக்கொண்டு குற்றமும் புரிகிறான். அவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை, அவன் விரும்பியே செய்ததனால். சித்திர நயத்தில் எதை விரும்பினாலும், பாத்திரப் படைப்பில் மாயாவிக்கே என் வாக்கு.

இந்த வேற்றுமை ஓநாய்க் கதையின் நடுநாயகமான சம்பவத்திலேயே வெளிப்படுகிறது. ஓநாய் கொல்வது, தாய் சென்ற காரில் சதி செய்த ஓட்டுநர் கிராண்ட்டை. கெட்டவன் செத்தான், ஆகையால் வாசகனின் மனச்சாட்சிக்குச் சங்கடமில்லை. கொன்றது சாபம், ஆகையால் ஜாக்குக்கும் பாரமில்லை. சட்டத்தின் எழுத்து தளர்ந்தபின்னும் அதன் பயம் ஆசிரியரை விடவில்லை போலும். தாயின் வாக்குறுதி என்ற அரிய கருவி அவர் கையில் இருந்தது. விருப்பமே இல்லாத விலங்கு ஒரு வாக்கை எப்படிக் காக்கும் என்ற வினாவை எழுப்ப, அவ்விரவில் ஓநாயின் எதிரே கிராண்ட்டுக்குப் பதிலாகப் பிலிப்பை நிறுத்தியிருந்தால் போதும்.