கடைமடைப் பல்பு மங்குமா?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் எப்படி ஓடும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகைத் திறந்தால் தலைமடை முதலில் நனையும். கடைமடைக்குக் கடைசியில், அதுவும் குறைவாக வரும். வீட்டுப் பேச்சிலேயே கற்ற பாடம் இது. ஆகவே மின்னோட்டவியலைத் தொடங்கும் ஆசிரியர் தண்ணீரை உவமையாக எடுப்பது இயல்பு. மேட்டில் ஒரு தொட்டி, பள்ளத்தில் ஒரு தொட்டி, நடுவில் குழாய். மட்ட வேறுபாடுதான் மின்னழுத்த வேறுபாடு, ஓடும் நீர் மின்னோட்டம், குறுகலான குழாய் மின்தடை. கண்ணுக்குத் தெரியாத மூன்று கருத்துகள் ஒரே பாடவேளையில் பிடிபட்டுவிடுகின்றன. இந்த வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்காவில் டெட்ரே ஜென்ட்னரும் டொனால்ட் ஜென்ட்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீராக எண்ணிப் பார்த்த மாணவர்கள் மின்கலங்களை இணைக்கும் கேள்விகளில் நன்றாகத் தேறினார்கள். மின்தடைகளை இணைக்கும் கேள்விகளிலோ, வாயில் வழியே நெருக்கியடித்துச் செல்லும் கூட்டமாக எண்ணியவர்களின் கை ஓங்கியிருந்தது. எந்த உவமையைக் கொடுக்கிறோமோ அதற்கேற்பவே பிள்ளை சரியாகவோ தவறாகவோ சிந்திக்கிறது.

நம் வகுப்பறைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் தண்ணீர் என்றதும் பிள்ளையின் மனதில் விரிவது வாய்க்கால். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து எது பிரகாசமாக எரியும் என்று கேட்டால், மின்கலத்தை ஒட்டியுள்ள முதல் பல்பு என்று பதில் வரும். முதல் பல்பு தலைமடை, இரண்டாவது கடைமடை. வழியில் கொஞ்சம் செலவாகிவிடும். உலகெங்கும் காணப்படும் பிழை இது. நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்பர்னும் இங்கிலாந்தில் டேவிட் ஷிப்ஸ்டோனும் 1980-களிலேயே பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் வாழும் பிள்ளைக்கு இந்தப் பிழைக்கு அனுபவமே சாட்சி சொல்கிறது. 2004 முதல் வீராணம் ஏரி நீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து வழியாகச் சென்னைக்கு அனுப்பும் பம்புகளை மின்கலத்துக்கு உவமையாகக் காட்டினாலும் பயன் பாதிதான். போன தண்ணீர் திரும்பி வருவதில்லை. மின்சுற்றிலோ புறப்பட்ட ஓட்டம் முழுவதும் மின்கலத்துக்குத் திரும்புகிறது. பல்பில் செலவாவது ஆற்றல், மின்னோட்டம் குறைவதில்லை.

இதைச் சொல்லி நம்பவைக்க முடியாது, செய்து பார்க்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தற்செயலாக முதல் பல்பு சற்றுக் கூடுதலாக எரிந்தால் பிள்ளை தன் பிழையையே நிரூபித்துக்கொள்ளும். பல்புகளை இடம் மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் பல்புக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரே எண்ணைக் காட்டிவிடலாம். இப்போது இழை பல்பு கிடைப்பது அரிதாகி எல்.இ.டி. அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தில் அது பொதுவாக எரியாது, முனை மாற்றி இணைத்தாலும் எரியாது. காரணம் சொல்லப்படாத பிள்ளை தன் இணைப்புதான் தவறு என்று முடிவுசெய்கிறது.

2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8-ஆம் வகுப்புவரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இத்தகைய சோதனைகளை நேரில் கொண்டுசேர்க்கிறது. அருமையான முயற்சி. ஆனால் 13,210 பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் என்ற கணக்கில் ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிக்கு மேல் வருகிறது. வந்து போகிறவர் வியப்பை விதைக்கலாம். பிழையான எண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு நகர்த்துவது அன்றாட ஆசிரியரின் வேலை.

அவருக்கு மின்சாரமே தேவைப்படாத ஒரு வழி உண்டு. நீளமான கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் கைகளுக்குள் தளர்வாக ஓடவிட வேண்டும். ஒருவர் இழுக்கிறார், அவர் மின்கலம். எதிரே ஒருவர் சற்று இறுக்கிப் பிடிக்கிறார், அவர் பல்பு. இழுத்த நொடியில் கயிறு முழுவதும் நகர்கிறது, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில். இறுக்கிய கை சூடாகிறது, கயிறோ குறையவில்லை. பக்க இணைப்பை மட்டும் கயிற்றால் காட்டுவது கடினம். அங்கே வாய்க்காலுக்கே திரும்பலாம்: இரண்டாகப் பிரியும் கிளைகளின் ஓட்டத்தைக் கூட்டினால் தாய் வாய்க்காலின் ஓட்டம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று. குழாய் உடைந்தால் தண்ணீர் கொட்டும், கண்ணால் பார்க்கலாம். அறுந்த மின்கம்பியிலோ எதுவும் கொட்டாது, செத்ததுபோல் கிடக்கும். ஓட்டம் இல்லை, அழுத்தம் இருக்கிறது, தொடுகிறவர் உடல் வழியே சுற்று நிறைவடைகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டதை அனுபவித்த மண் இது. தண்ணீர் உவமை கைவிடும் இந்த இடத்தை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழைக் காட்டி, அது ஏன் இரும்பாக இல்லை என்று கேட்கலாம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது. தண்ணீருக்குக் குழாயின் சுவர் காவல். கம்பத்து மின்கம்பிக்குச் சுற்றியுள்ள காற்றும் இந்தப் பீங்கானும் காவல்.

தேர்வில் இன்னும் மின்னோட்டத்தின் வரையறையும் அலகும்தான் பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. இரண்டு பல்புச் சுற்றை வரைந்து, எது அதிகம் எரியும், ஏன் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டுப் பார்க்கட்டும். எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் இன்னும் வாய்க்கால் ஓடுகிறது என்று ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும்.