இரைச்சலோடு ஒரு வாரம்: டாஸ்காம் 424 எம்கே-2

மைக் எதையும் செருகாமல், புதுக் கேசட்டில் ஒரு நிமிடம் வெறுமையை ரெக்கார்டு செய்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டால், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'ஸ்ஸ்ஸ்'. கல்லிலாவது ஒரு நொடியில் அடங்கும்; இது அடங்கவே இல்லை. வீட்டில் டேப்பில் பாட்டுப் பதிய நினைப்பவருக்கு முதல் எதிரி இதுதான்.

டாஸ்காம் 1979-இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144-தான் கேசட்டில் நான்கு டிராக் பதிந்த முதல் கருவி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை 1982-இல் அதில்தான் பதிந்தார். அந்த வம்சத்தில் பின்னால் வந்த 424 எம்கே-2, இன்று பழைய சாமானாக மட்டுமே கிடைக்கும். நான் வாங்கியதும் அப்படித்தான்.

இரைச்சலுக்குக் காரணம் இட நெருக்கடி. ஸ்டுடியோக்களின் இரண்டு அங்குல டேப்பில் 24 டிராக் என்றால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 2 மி.மீ. கிடைக்கும். கேசட் டேப்பின் மொத்த அகலமே 3.81 மி.மீ.; அதில் நான்கு டிராக். டிராக் ஒடுங்க ஒடுங்க இசை மெலியும், இரைச்சல் துருத்தும்.

முதல் மருந்து வேகம். சாதாரண கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், இதில் 9.5 செ.மீ. வேகமும் உண்டு. ஒரே கிதார் துண்டை இரண்டிலும் பதிந்தேன். வேகத்தைக் கூட்டியதும் இரைச்சல் மெலிந்தது, கம்பியின் மினுமினுப்பும் திரும்பியது. விலையும் உண்டு: நான்கு டிராக்கும் ஒரே திசையில் ஓடுவதால் சி-60 கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். குரோம் டேப்பே போடுங்கள்.

அடுத்து, இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் பொத்தான். பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கி, கேட்கும்போது அதே அளவு விரிக்கும். விரியும்போது இரைச்சல் பாதாளத்துக்குப் போய்விடும். வெறும் டேப்பில் அழுத்தினேன். தோசைக்கல் சட்டென்று ஆறியது! ஆனால் கிதாரில் ஒற்றைக் கம்பியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், நாதம் தேயும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரைச்சலும் வந்து மறைகிறது. மூச்சு விடுவது போலிருக்கும். இது டிபிஎக்ஸின் பிறவிக் குணம். தாளம் நிறைந்த பாட்டில் தெரியாது. தனிக் குரலில், தனிப் புல்லாங்குழலில் காது கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு சங்கதி: டிபிஎக்ஸ் பிழையையும் விரிக்கும். ஹெட்டில் அழுக்குப் படிந்து டேப்பிலிருந்து வரும் ஒலி 2 டெசிபல் குறைந்தால், காதில் 4 டெசிபல் குறையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து நான் ஹெட்டைத் துடைத்தபோது பஞ்சு காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியது. அதன்பின் பதிந்த குரல் வேறு ஆள் பாடியது போலிருந்தது. லெவலிலும் கவனம் வேண்டும். டிபிஎக்ஸ் இல்லாதபோது மீட்டரைக் கொஞ்சம் சிவப்பைத் தொடவிடலாம். இருக்கும்போது அந்த ஆசை வேண்டாம்.

அப்படியும் இரண்டு நாள் ஒரு 'உஸ்' போகவேயில்லை. டேப்பைத் திட்டித் தீர்த்தேன். குற்றவாளி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. டிபிஎக்ஸ் டேப்பின் இரைச்சலைத்தான் விரட்டும். மைக் வழியாக உள்ளே வந்த மின்விசிறியை இசையென்று நம்பிப் பத்திரமாகத் திருப்பித் தரும். ஃபேனை நிறுத்தி, மைக்கை வாயருகே நகர்த்தி, வேர்த்து விறுவிறுத்துப் பாடியதுதான் சுத்தமாக விழுந்தது.

மூன்று டிராக்கை நான்காவதில் சேர்க்கும் 'பவுன்ஸ்' வேலையில் பழைய இரைச்சல்களும் சேர்ந்தே ஏறும். சம அளவு இரைச்சலுள்ள இரண்டு டிராக் கலந்தால் 3 டெசிபல் கூடுதல். அதனால் ஒருமுறைக்கு மேல் பவுன்ஸ் வேண்டாம். டிரெபிள் தேவையென்றால் பதியும்போதே ஏற்றுங்கள். மிக்ஸில் ஏற்றினால் இரைச்சலும் எழும். பாட்டில்லாத இடத்தில் ஃபேடரை இறக்கிவிடுங்கள்.

வாங்கலாமா? ஸ்டுடியோ மௌனம் வேண்டுவோருக்கு மலிவான கணினி இன்டர்ஃபேஸ் போதும். கையால் ஃபேடர் தள்ளும் சுகம் வேண்டுவோர் வாங்கலாம். வாங்குமுன் நான்கு டிராக்கிலும் வெறுமையைப் பதிந்து, டிபிஎக்ஸை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் 'ஸ்ஸ்' தூக்கலாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.