நிச்சயமும் அச்சாரமும்: தமிழ் விவிலியத்தில் மீட்பின் உறுதிப்பாடு

1. முன்னுரை

தான் மீட்கப்பட்டிருப்பதை மனிதன் இவ்வுலக வாழ்விலேயே ஐயமின்றி அறிய இயலுமா என்பது கிறித்தவ இறையியலின் நெடுநாள் வினாக்களுள் ஒன்று. 1518ஆம் ஆண்டு ஆகுஸ்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தரைக் கர்தினால் கயத்தான் விசாரித்தபோது மறுத்துரைக்கும்படி வற்புறுத்திய கருத்துகளுள் இதுவும் ஒன்று. 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில், தவறவியலாத நம்பிக்கையின் நிச்சயத்தோடு தன் அருள்நிலையை எவரும் அறிய இயலாது என்று அறுதியிட்டது. சீர்திருத்த மரபினுள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. கால்வின் நம்பிக்கையையே உறுதியான அறிவு என வரையறுக்க, 1646இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோ, நம்பிக்கையுள்ளவர் இந்நிச்சயத்தைப் பெற நெடுங்காலம் காத்திருக்கவும் நேரலாம் என்றது. 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆகுஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் பேராயமும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை, இப்பொருளுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியது. நம்புகிறவர் தம் வலுவின்மையைப் பாராமல் கிறிஸ்துவின் வாக்குறுதியையே நோக்க வேண்டும் என்பதில் இரு தரப்பினரும் உடன்பட்டனர்.

இவ்விவாதத்தின் மையவினா 'எவ்வளவு நிச்சயம்?' என்பதன்று, 'நிச்சயம் யாரிடத்தில் நிலைகொள்கிறது?' என்பதே. நம்புகிறவன் உள்ளத்திலா, வாக்களித்தவர் சொல்லிலா? மொழிபெயர்ப்பாளர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. அவர் தெரிந்துகொள்ளும் வினைமுற்றும் வேற்றுமையும் இடைச்சொல்லும் அதற்கு ஒரு விடையைச் சொல்லிவிடுகின்றன. தமிழ் விவிலியம், குறிப்பாக ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழு நூலாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, இவ்விடத்தில் எவ்வாறு செயற்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயர்ச்சொற்கள்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முழு நிச்சயத்தைக் குறிக்கும் 'பிளேரோஃபோரியா' என்னும் பெயர்ச்சொல் நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது (கொலோ. 2:2, 1 தெச. 1:5, எபி. 6:11, 10:22). ஐக்கிய மொழிபெயர்ப்பு மூன்றிடங்களில் 'பூரண நிச்சயம்' என்றும் ஓரிடத்தில் 'முழு நிச்சயம்' என்றும் தந்துள்ளது. நிறைவு என்னும் பொருளுடைய முதற்கூறு அடைமொழியால் காக்கப்பட்டிருக்கிறது. சொல்லாட்சி ஒருமையுடையது, குறை காண இடமில்லை.

எபிரேயர் 11:1இல் வரும் 'ஹுப்போஸ்டாசிஸ்' கடினமான சொல். அடியில் நிற்பது என்பது அதன் சொற்பொருள். இலத்தீன் மரபு அதனை 'உட்பொருள்' என்னும் மெய்யியல் நோக்கில் பெயர்த்தது. லூத்தரின் செருமானியப் பெயர்ப்பு மனத்தின் திடநம்பிக்கையாகக் கொண்டது. பப்பிரசு ஆவணங்களில் இச்சொல் சொத்துரிமை தொடர்பான பத்திரங்களைக் குறிக்கவும் வழங்கியிருப்பதைப் பிற்கால ஆய்வு வெளிக்கொணர்ந்தது. ஐக்கிய மொழிபெயர்ப்பு தெரிந்தெடுத்த 'உறுதி' இம்மூன்று நோக்கிற்கும் இடந்தருகிறது. பொருளின் திண்மையும் உறுதி. மனத்தின் திட்பமும் உறுதி. இலங்கைத் தமிழிலோ காணியின் உரிமைப்பத்திரமே 'உறுதி' என வழங்குகிறது. யாழ்ப்பாணத்து வாசகர் செவியில் காணாதவற்றுக்கான உரிமைப்பத்திரம் என்னும் பொருளும் உடனொலிக்கும். மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதினர் என்று கொள்ள வேண்டியதில்லை. இலக்கு மொழி தானே ஈந்த வளம் இது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் இச்சொல்லைக் கைவிடவில்லை. 'விசுவாசம்' அதில் 'நம்பிக்கை' ஆயிற்று. 'நிச்சயம்' இருந்த இடத்தில் 'ஐயமற்ற நிலை' வந்தது. 'உறுதி' மட்டும் மாறாது நின்றது.

3. வினையும் கருத்தாவும்

பெயர்ச்சொற்களில் காணப்படும் செம்மை வினைச்சொற்களில் காணப்படவில்லை. உரோமையர் 8:38இல் பவுல் பயன்படுத்தும் 'பெபெய்ஸ்மாய்' செயப்பாட்டு வடிவினது. 'நம்பவைக்கப்பட்டு அந்நிலையிலேயே நிற்கிறேன்' என்பது அதன் உருபனமைப்புத் தரும் பொருள். நம்பவைத்தது எது என்பதை அதற்கு முன்னுள்ள வசனங்கள் விரிக்கின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனை 'நிச்சயித்திருக்கிறேன்' என்று செய்வினையாக்கியது. இச்சொல் 2 தீமோத்தேயு 1:12இலும் ஆளப்பட்டுள்ளது.

'நிச்சயித்தல்' தமிழ் வழக்கில் முடிவு செய்தலைக் குறிக்கும். நாள் நிச்சயிப்பர், விலை நிச்சயிப்பர், மணம் நிச்சயிப்பர். நிச்சயிப்பவரின் விருப்பமே அச்செயலுக்கு மூலம். எனவே, வெளியிலிருந்து வந்து ஆட்கொண்ட தெளிவு தமிழில் அகத்தே எடுத்த தீர்மானமாகத் திரிந்துவிட்டது. உரோமையர் 4:21இல் ஆபிரகாமைக் குறித்து வரும் செயப்பாட்டு எச்சமும் 'முழு நிச்சயமாய் நம்பி' என்று அவனது செயலாகவே பெயர்க்கப்பட்டுள்ளது.

இது சிறு வேறுபாடன்று. தான் எடுத்த தீர்மானம் தளரும்போது நிச்சயமும் தளரும். நோயுற்றுப் படுத்திருப்பவன் தன் தீர்மானத்தின் வலிமையை அளந்து பார்க்கத் தொடங்குவான். பவுலின் வினையோ அவ்வளவையிலிருந்து அவனை விடுவிக்க வந்தது. குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதா, பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதா என்று வைணவர் வழக்கிட்ட மொழியில் இவ்வேறுபாடு விளங்காததன்று. செயப்பாட்டுவினை தமிழில் செயற்கையாக ஒலிக்கும் என்பது மெய்யே. எனினும் அதனைத் தவிர்க்கச் செய்வினை ஒன்றே வழியன்று. 'எனக்குத் தெளிவாயிருக்கிறது', 'எனக்கு உறுதியாயிற்று' போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர்கள் இயல்பான தமிழ்; அவற்றில் 'நான்' கருத்தாவாக நிற்பதில்லை.

4. காலமும் 'உண்டு' என்னும் முற்றும்

மீட்பு நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருப்பதா, வரவிருப்பதா? கிரேக்க மூலம் மூன்று காலத்தாலும் பேசுகிறது. எபேசியர் 2:8இல் முடிந்த செயலின் விளைவு நிலைத்திருப்பதை உணர்த்தும் வடிவம் உள்ளது. தமிழில் அது 'இரட்சிக்கப்பட்டீர்கள்' என வெற்று இறந்தகாலமாயிற்று. மாறாக, வெற்று இறந்தகாலம் உள்ள உரோமையர் 8:24இல் தமிழ் 'இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்' என்கிறது. விளைவின் நிலைப்பை உணர்த்தும் 'இரு' என்னும் துணைவினை மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது. அது வேண்டிய இடத்தில் வராமல் வேறிடத்தில் வந்திருக்கிறது. 'பட்டீர்கள்' என்பது நிகழ்ச்சியைச் சொல்லும்; 'பட்டிருக்கிறீர்கள்' என்பது நிலையைச் சொல்லும். அன்று நிகழ்ந்தது இன்றும் நிற்கிறதா என்பதே ஐயமுறுவோன் கேட்கும் கேள்வி.

இதற்கு நேர்மாறான வெற்றி 1 யோவான் 5:13இல் கிட்டியுள்ளது. நம்புகிறவர்கள் நிலைவாழ்வை உடையவர்கள் என்று அறியும்படி எழுதியதாக அக்கடித ஆசிரியர் கூறுமிடம் அது. கிரேக்கத்தில் 'உடைத்திருத்தல்' என்னும் வினை நிகழ்காலத்தில் உள்ளது. தமிழ் 'உங்களுக்கு … உண்டு' என்கிறது. 'உண்டு' காலம் காட்டும் இடைநிலை ஏற்காத குறிப்பு வினைமுற்று. அதற்கு இல்லாமற்போன நேற்றுமில்லை, ஐயத்திற்குரிய நாளையுமில்லை. மேலும், உடையவன் எழுவாயாக நின்று பொருளைப் பற்றிக்கொண்டிருப்பது கிரேக்கத் தொடர். தமிழிலோ வாழ்வே எழுவாய். உடையவன் நான்காம் வேற்றுமையில் பெறுபவனாக நிற்கிறான். சொல்லுக்குச் சொல் நிகரன் இல்லாத இடத்தில் தமிழ்த் தொடர் மூலத்தின் கருத்தை மூலத்தினும் தெளிவாக உரைக்கிறது.

5. 'ஆமே' என்னும் ஈறு

கவனிக்கத்தக்க சிக்கல் உரோமையர் 5:9, 10 வசனங்களில் உள்ளது. பகைவராயிருந்தபோதே ஒப்புரவாக்கப்பட்டவர் இனி மீட்கப்படுவது அதனினும் உறுதி என்பது அங்குள்ள வாதம். கிரேக்கத்தில் 'இன்னும் எவ்வளவோ அதிகமாக' என்னும் தொடரும் எதிர்கால வினையும் மட்டுமே உள்ளன. நிச்சயம் என்னும் சொல் இல்லை. தமிழ் எதிர்காலம் உறுதியை மட்டுமன்றி ஊகத்தையும் வழக்கத்தையும் உணர்த்தும். 'வருவார்' என்பது வாக்காகவும் இருக்கலாம், எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். இதனை உணர்ந்தே மொழிபெயர்ப்பாளர் 'நிச்சயம்' என்னும் சொல்லைத் தாமாகச் சேர்த்தனர் என்று கருதலாம். அச்சேர்க்கை பொருத்தமானதே. ஆனால் அதனை அவர்கள் 'நிச்சயமாமே' என முடித்தனர்.

இங்குள்ள 'ஆம்', 'ஆகும்' என்பதன் விகாரம், ஏகாரம் தேற்றம். இலக்கிய வழக்கில் அது உறுதியை இரட்டிக்கும். இக்காலப் பேச்சுவழக்கிலோ சொல்லீற்றில் வரும் 'ஆம்' கேள்விச்செய்தியைக் குறிக்கும் இடைச்சொல். 'அவர் ஊருக்குப் போகிறாராமே' என்பவர் தாம் கண்டதைக் கூறவில்லை. கேட்டதைக் கூறி உறுதிப்படுத்துமாறு வேண்டுகிறார். ஆகவே மிகுந்த உறுதியோடு சொல்லப்பட்ட வசனம், புதிய வாசகர் செவியில் 'நிச்சயம் என்று சொல்கிறார்களே, உண்மைதானா?' என ஒலிக்க இடமுண்டு. ஆலய வாசிப்பில் பழகிய செவிக்கு இவ்விடர் இல்லை என்று மறுக்கலாம். ஆனால் வசனம் பழகிய செவிக்கு மட்டும் உரியதன்று. மேலும், பழக்கத்தால் பொருள் மழுங்கிய நிலையைப் பொருள் விளங்கிய நிலையாகக் கொள்ளலாகாது. 'நிச்சயமன்றோ' என்று முடித்திருப்பின் வாதத்தின் வேகமும் குறையாது, கேள்விச்செய்தியின் சாயலும் படியாது.

6. அச்சாரம்

ஐக்கிய மொழிபெயர்ப்பின் தலைசிறந்த தெரிவு 2 கொரிந்தியர் 1:22. 5:5, எபேசியர் 1:14 ஆகிய இடங்களில் தூய ஆவியைக் குறிக்க வரும் 'அச்சாரம்'. மூலச்சொல்லாகிய 'அர்ரபோன்' செமித்திய மொழியிலிருந்து கிரேக்கம் கடன்கொண்டது. ஆதியாகமம் 38இல் யூதா தாமாரிடம் தன் முத்திரையையும் கோலையும் வைத்துச் செல்லும் நிகழ்ச்சியில் இதன் எபிரேய வடிவம் வருகிறது. அது திரும்பப் பெறற்குரிய அடைமானம். கிரேக்க வாணிக வழக்கில் அதுவே விலையின் முதற்பகுதியாகச் செலுத்தும் முன்பணமாயிற்று. இக்காலக் கிரேக்கத்தில் மண நிச்சயத்தைக் குறிக்கிறது.

'ஈடு', 'அடைமானம்' என்பன திரும்ப மீட்கப்படும் பொருளைக் குறிப்பன. அச்சாரம் அத்தன்மையதன்று. அது விலையோடு சேரும். கொடுத்தவர் பின்வாங்கினால் இழப்பு அவருடையதே. பெற்றவரின் மனத்திட்பம் எவ்வாறிருப்பினும், பேரம் நிறைவேறும் என்பதற்குக் கொடுத்தவரே பிணைப்படுகிறார். நிச்சயம் யாரிடத்தில் நிலைகொள்கிறது என்னும் வினாவிற்கு இவ்வொரு சொல் தரும் விடை மேற்கண்ட வினைமுற்றுகள் தந்ததைவிடத் தெளிவானது. இன்று சந்தையில் 'முன்பணம்', 'அட்வான்ஸ்' என்னும் சொற்கள் அச்சாரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. அதுபற்றி 'அடையாளம்' போன்ற பொதுச்சொல்லை வைக்க முனைவோர், பிணைப்படுதல் என்னும் பொருளை இழந்துவிடுவர். அருகிவரும் சொல்லாயினும் அச்சாரத்தைக் காத்தலே தக்கது.

7. முடிவுரை

ஐக்கிய மொழிபெயர்ப்பு உறுதிப்பாட்டின் பெயர்ச்சொற்களைச் செம்மையாகத் தந்தது. வினைகளில் அவ்வுறுதியை நம்புகிறவன் தலையில் ஏற்றிவிட்டது. திருத்தம் செய்வோர் பொதுவாகப் பெயர்ச்சொற்களையே மாற்றுகின்றனர். 'இரட்சிப்பு' 'மீட்பு' ஆவதும் 'விசுவாசம்' 'நம்பிக்கை' ஆவதும் நெடிய விவாதங்களுக்கு உள்ளாகின்றன. 'நிச்சயித்திருக்கிறேன்', 'இரட்சிக்கப்பட்டீர்கள்', 'நிச்சயமாமே' ஆகிய மூன்று முடிபுகளும் அவ்வளவு கவனம் பெற வேண்டியவை. இவற்றைத் திருத்த வேண்டிய கருவி அதே மொழிபெயர்ப்பில் 'உங்களுக்கு உண்டு' என்னும் தொடரில் ஏற்கெனவே உள்ளது. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூலார் கொடையை முதலில் வைத்தார். மீட்பின் நிச்சயம் கொடையே என்று கூற விழையும் பனுவலுக்கு அவ்வேற்றுமையே உரிய இலக்கணம்.