ஒற்றைச் ‘சல’வுக்குப் பொருள் இல்லை

நீர்வண்ணம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ஈரத்தாளில் ஒரு சொட்டு விட்டு அது பரவுவதைப் பார்ப்பது, உப்பைத் தூவித் திட்டுகளை வரவழைப்பது, பிளாஸ்டிக் தாளைக் கசக்கி ஒட்டிப் பாறைத்தடம் எடுப்பது. ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. முதலில் கறை விழும், அப்புறம் நாம் அதில் மலையைக் கண்டுபிடிப்போம். நல்ல விளையாட்டுதான். ஆனால் பத்துப் படம் பார்த்ததும் எல்லாமே ஒரே மலையாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் பர்ச்ஃபீல்ட் (1893–1967) இதற்கு நேரெதிர். தாளை ஈசலில் நிமிர்த்தி வைத்து, எண்ணெய் வண்ணத்தைப் போல மேலே மேலே தீட்டியவர். அவரிடம் தண்ணீருக்குப் பெரிய சுதந்திரம் கிடையாது. வடிவங்கள் ஏற்கெனவே வெளியே இருந்தன, ஒஹையோவின் சேலம் என்ற சிற்றூரில், வீட்டைச் சுற்றியிருந்த செடிகொடிகளில். அவற்றில் பாதி, கண்ணுக்குத் தெரியாதவை.

1917இல் வரைந்த ‘பூச்சிகளின் சேர்ந்திசை’யைப் பாருங்கள். புதர், மரம், நடுவே வீடு. இலைகளோடு இலைகளாக வளைவுகளும் கூர்கூரான கீற்றுகளும் அடுக்கடுக்காக வருகின்றன. அவர் வரைந்திருப்பது பூச்சிகளின் சத்தத்தை. இதைக் குறியீடு என்று சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் நம்மிடம் இன்னும் சரியான சொல் இருக்கிறது: இரட்டைக்கிளவி. ‘சலசல’வைப் பிரித்தால் ஒற்றைச் ‘சல’வுக்குப் பொருள் கிடையாது. பர்ச்ஃபீல்டின் ஒரு கீற்றை மட்டும் வெட்டியெடுத்தாலும் அப்படித்தான், அது வெறும் கீற்று. திரும்ப வரும்போதுதான், அதுவும் அந்தப் புதரின் பக்கத்தில் வரும்போதுதான், காதுக்குள் ‘கிர்ர்’ என்கிறது.

அதே ஆண்டில் அச்சம், துயரம் போன்ற மனநிலைகளுக்குத் தனித்தனி வடிவம் கொடுத்து ஓர் அகராதியே வரைந்து வைத்தார். விமர்சகர்கள் அதைச் சாவியாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. அகராதியில் அச்சம் ஒரு கொக்கி வடிவம், அவ்வளவுதான். ‘மழை பெய்யும் குளிர்கால இரவில் மாதாகோயில் மணியோசை’யில் அச்சம், பறவைத் தலைபோல விழித்து நிற்கும் கோபுரத்துக்கும் சுருள் சுருளாக இறங்கும் ஓசைக்கும் நடுவே இருக்கிறது. அதைப் பெயர்த்தெடுக்க முடியாது.

1921 முதல் 1929 வரை பஃபலோவில் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்தில் அவர் வடிவமைப்பாளர். சுவர்த்தாளும் திரும்பத் திரும்ப வருவதுதான், ஆனால் அதற்கு இடம் பொருட்டே இல்லை. எந்தச் சுவரிலும் ஒட்டலாம். இந்த வித்தியாசம்தான் அவருடைய பிற்காலப் படங்களில் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1943 வாக்கில் பழைய படங்களை எடுத்து, சுற்றிலும் தாள்களை ஒட்டி, பெரிதாக்க ஆரம்பித்தார். தைரியமான காரியம். இருபத்துநாலு வயதில் வரைந்ததை ஐம்பது வயதில் தொடர்ந்து வரைவது! சில படங்களில் காடே மூச்சுவிடுகிறது. வேறு சிலவற்றிலோ மரம், வெயில், பாறை எல்லாமே ஒரே நேரத்தில் அதிர்கின்றன. எது பூச்சி, எது காற்று என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அங்கே சுவர்த்தாள் உள்ளே வந்துவிட்டது என்பேன்.

அந்தப் பெரிய படங்களைத்தான் உச்சம் என்கிறவர்கள் உண்டு. ஒருதடவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். சின்னதில் அந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.