பிந்திக் கற்ற தமிழ்

முப்பத்திரண்டாம் வயதில் ஒருவர் மீண்டும் மாணவராகிறார். முன்னரே உரோமாபுரியில் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இலத்தீனில் நல்ல பயிற்சி உடையவர். வடக்கன்குளத்துப் பள்ளியில் ஐந்தாண்டு பணியாற்றியவர். அத்தகையவர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை அடைந்து, தம்மினும் பத்தாண்டு இளையவரோடு தமிழ் வகுப்பில் அமர்ந்தார். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1913இல் பிறந்த தனிநாயக அடிகளே அவர். பிந்திக் கற்ற அந்தத் தமிழ் அவருக்கு என்ன செய்தது, அவர் தமிழுக்கு என்ன செய்தார் என்பதை அவருடைய நூலைக் கொண்டே ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை அன்று. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் தமிழாசிரியர் கூடும் இடமெல்லாம் ஒரு வினா பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறது. பட்டம் பெறாமலே பணிக்கு வந்தவர், நாற்பதைக் கடந்தபின் பட்டம் படிக்க வாய்ப்புப் பெற்றால், எதைப் படிப்பது? பினாங்கு அறிவியல் பல்கலைக் கழகம் 1971 முதல் தொலைக்கல்வி நடத்தி வருகிறது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2000இல் தோன்றியது. வழி உண்டு. துறையைத் தேர்வதிலேதான் தடுமாற்றம். பதவி உயர்வை நினைப்பவர் கல்வி நிருவாகம் என்பர். தமிழை எடுக்க எண்ணுவோரிடம், “தெரிந்ததையே எதற்கு மறுபடியும் படிக்கிறீர், சார்?” என்று நண்பரே கேட்பர். பிள்ளைகளின் கல்லூரிச் செலவும், வீட்டுக் கடனும், சனிக்கிழமை வகுப்புக்குச் செல்லும் தொலைவும் எண்ணிப் பார்க்க வேண்டியவை ஆதலின், அக்கேள்வியை எள்ளி நகையாடுதல் முறையன்று.

அடிகளார் தமிழைத் தேர்ந்ததற்கு, தாய்மொழியின் இலக்கியத்தை அதுகாறும் ஆழ்ந்து கல்லாமை ஒரு காரணம். ஆயினும் அவர் வெறுங்கையுடன் சென்றவர் அல்லர். உரோமப் புலவரின் நாட்டுப்புறக் காட்சிகள் அவர் உள்ளத்தில் இருந்தன. இத்தாலியத் திராட்சைத் தோட்டங்களையும் குன்றுகளையும் கண்ணாற் கண்டிருந்தார். எனவே சங்கப் பாட்டைத் தொட்டவுடனே, இளமையிலேயே இலக்கணம் மனப்பாடம் செய்த ஒருவருக்கு எளிதில் எழாத ஒரு வினா அவருக்கு எழுந்தது: பிறநாட்டுக் கவிஞர் இயற்கையைப் பாடியிருக்க, தமிழ்ப் புலவர் மட்டும் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒவ்வோர் உணர்வை உரிமையாக்கியது ஏன்?

அவ்வினாவின் விடையே பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றிய அவருடைய ஆங்கில நூல். பின்னர் 1966இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் போயட்ரி’ என்னும் பெயரோடு மறுபதிப்பாக வந்ததும் அதுவே. குறிஞ்சி, முல்லை முதலிய பாகுபாட்டை வாய்பாடாகக் கொள்ளாமல், தமிழகத்தின் மலை, காடு, வயல், கடற்கரை என்னும் உண்மை நிலத்தோடும் அங்கு வாழ்ந்தோரின் தொழிலோடும் இணைத்துக் காண்பது நூலின் சிறப்பு. சங்கப் பாட்டில் இயற்கை தனித்து நின்று போற்றப்படுவதினும் மாந்தர் உணர்வுக்குப் பின்புலமாய் நிற்பதே பெரிது என்பதை அவர் கிரேக்க, உரோம இலக்கியங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் பகுதிகள் இன்றும் வகுப்பிற் பயன்படத் தக்கவை.

குறையும் உண்டு. உரையாசிரியரோடு நின்று வாதிடும் நுண்புலமை இந்நூலின் வலிமை அன்று. சில இடங்களில் ஒப்புமை விரைந்து வந்துவிடுகிறது; ஒரு தமிழ்ப் பாட்டினை இன்னும் சற்று நேரம் தனியே பார்த்திருக்கலாமே என்னும் எண்ணம் படிப்போர்க்குத் தோன்றும். இவை பிந்திக் கற்றவர்க்கு இயல்பான குறைகள். முந்திக் கற்றவர்க்கும் வேறு குறைகள் இல்லாமல் இல்லை.

அடுத்த பட்டம் இன்னும் கவனிக்கத் தக்கது. இலங்கைப் பல்கலைக் கழகத்தில் அவர் ஏற்றது கல்வித் துறை விரிவுரையாளர் பணி. பின்பு இலண்டனில் ஆராய்ந்த துறையும் கல்வியே. இது பணியை ஒட்டிய தேர்வு எனலாம். கெடா ஆசிரியர் நிருவாகம் படிப்பது போன்றது. ஆயினும் ஆராய்ச்சிப் பொருளாக அவர் கொண்டது பழந்தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை. பாணரும் புலவரும் சமுதாயத்திற்கு ஆசிரியராய் நின்ற வரலாற்றை அத்துறையின் கருவிகளைக் கொண்டே தேடினார். துறையைப் பதவி தேர்ந்தது என்றாலும், பொருளைத் தேர்ந்தவர் அவரே. துறை எது என்று மட்டும் வாதிடுவோர் பெரும்பாலும் மறப்பது இவ்வேறுபாட்டைத்தான்.

அடிகளார் ஒருவரே இவ்வாறு வந்தவர் என்பதும் இல்லை. வரலாறும் சட்டமும் பயின்று வழக்கறிஞராய் இருந்தவரே தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். தமிழுக்குப் பிந்தி வந்த அவர் மொழிவரலாற்றாசிரியராகி, 1966இல் மதுரைப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார்.

அடிகளார் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறையிற் பணிபுரிந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவர் உழைப்புப் பெரிது. ஆனால் அவர் நூல் எழுப்பும் வினா இந்நாட்டு மண்ணின்மேல் போதிய அளவு இன்னும் வைக்கப்படவில்லை. பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரைத்தார் என்பதோடு கெடாவின் தமிழிலக்கியத் தொடர்பை முடித்துக்கொள்ளும் பழக்கமே மிகுதி. பூஜாங் பள்ளத்தாக்கின் கற்களைப் பார்த்தவர் அதன் அருகிருந்த தோட்டங்களைப் பார்ப்பதில்லை.

தோட்டம் எந்தத் திணை? காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டனர். பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. திரிந்துகொண்டே இருக்கும் நிலம், கடல் கடந்த பிரிவு ஆகிய இரண்டும் சேர்ந்து நிற்பதால் இதனைப் பாலை எனப் பெயரிட்டு ஓர் ஆய்வேட்டை எளிதில் முடித்துவிடலாம். அவ்வாறு ஒட்டும் பெயர்ச்சீட்டால் பயனில்லை. அடிகளார் முறையில் கேட்டால், நிலம் இங்கு உணர்வை எவ்வாறு ஆக்கிற்று என்பதைக் காட்டல் வேண்டும்.

அதற்கான சான்று நூலகத்தில் மட்டும் இல்லை. பாலைக்குத் தொல்காப்பியம் வேனிலோடு பின்பனியையும் காலமாக வைத்தது. பின்பனி மாசியும் பங்குனியும். கெடாவில் மழை குறைந்து, பால்மரம் இலையுதிர்க்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. தளிர் விடும்வரை பால் சுருங்கும், மங்கு நிறையாது, பால்மரம் வெட்டுவோர் கைக்கு வரும் பணம் குறையும், கடையிற் கடன் ஏறும். பெரட்டுக்களத்து விடியலையும் சருகு மூடிய நிரைகளையும் சிறுவயதிலேயே கண்ட ஆசிரியர் கெடாவில் இன்னும் பலர் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் ஐம்பதாம் வயதில் விண்ணப்பத் தாளை நிரப்பும்போது, துறை என்னும் கட்டத்தில் தமிழ் என்று எழுதினாலும் கல்வி என்று எழுதினாலும் இந்த மாசி மாதம் அவரோடு வகுப்புக்கு வரும்.