சார்ஜரின் முதுகில் ஒரு வரி

வெளிநாட்டில் மடிக்கணினியோடு வேலை செய்பவர்கள் கணினியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதன் சார்ஜர்மீதுதான் பிரியம். அந்தக் கறுப்புச் செங்கல்லைத் திருப்பிப் பாருங்கள்: பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். உலகத்து வீடுகளின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் கிழக்கே டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், மேற்கே ஒசாகாவில் 60. நம் ஊரில் 230 வோல்ட். எதைக் கொடுத்தாலும் சார்ஜர் முகம் சுளிப்பதில்லை. வருகிற மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, கணினி கேட்கிற சுமார் 20 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. அத்தனை வேகமாக வெட்டுவதால்தான் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இவ்வளவு சிறியது. பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் தோள் இறங்கிப்போயிருக்கும்.

தகராறெல்லாம் சுவரில் பொருந்துவதில்தான். பயண அடாப்டர் துளைக்கேற்ற முனையைத் தருமே தவிர, வோல்ட்டை மாற்றாது. (அமெரிக்க ஹேர் டிரையரை அதை நம்பி லண்டனில் செருகினால் புகைதான்.) பிளக்குகளில் என் ஓட்டு, சிங்கப்பூரிலும் புழங்கும் பிரிட்டிஷ் மூன்று முனைக்கே. தடி உருப்படிதான். ஆனால் நீளமான எர்த் முனை முதலில் நுழைந்து மற்ற இரு துளைகளின் மூடியைத் திறந்துவிடும். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வேறு. தரையில் கிடந்தால் மட்டும் முனைகள் மேல்நோக்கி நிற்கும். இருட்டில் மிதித்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.