அச்சம் தந்த உரிமையும் அமைதி தந்த மறதியும்
ஐரோப்பியச் சிறுபான்மை மொழி ஆய்வுகள்: வெள்ளறடையிலிருந்து ஒரு வாசிப்பு

ஐரோப்பாவில் சிறுபான்மை மொழிகளைப் பற்றி 1990களுக்குப் பின் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்தால் ஒரு நூலகமே நிரம்பிவிடும். அரசியல், பாதுகாப்பு, பண்பாட்டுக் கொள்கை ஆகிய மூன்று துறைகளும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகின்றன. சில ஆண்டுகளாக இவற்றை விடாமல் வாசித்து வருகிறேன். நான் பேராசிரியன் அல்லன். திருவனந்தபுரம் மாவட்டத்தின் எல்லையில், பாறசாலைக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிற வெள்ளறடையில் பிறந்து, ஜெர்மனிக்குப் பிழைக்க வந்தவன். அதனால் எதை வாசித்தாலும், 'இந்த அளவுகோலை எங்க ஊரில் கொண்டுபோய் வச்சுப் பார்த்தா என்ன காட்டும்?' என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகள் சிறுபான்மை மொழியைப் பெரும்பாலும் அச்சத்தின் வழியாகவே கண்டுபிடித்தன. தொல்லை தரக்கூடிய மொழிக்கு உரிமையும் ஆய்வு மையமும் கிடைத்தன. தொல்லை தராத மொழியைப் பற்றிப் பேச அவற்றிடம் சொற்கள் குறைவு. ஆயினும் அந்த அச்சத்திலிருந்து பிறந்த சில நடைமுறைகள் நமக்குப் பயன்படும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே இக்கட்டுரை.

அச்சத்தில் பிறந்த துறை

1991இல் யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கியில் கூடிய ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாடு, தேசியச் சிறுபான்மையினர் குறித்த உயர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கியது. நெதர்லாந்தின் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் 1993 முதல் 2001 வரை அப்பதவியில் இருந்தார். பதவியின் பெயரைக் கொஞ்சம் உற்றுக் கவனிக்க வேண்டும். அவர் சிறுபான்மையினர் 'குறித்த' ஆணையர். சிறுபான்மையினருக்காக வாதாடும் ஆணையர் அல்லர். அவரது வேலை மோதலைத் தடுப்பது. கல்வி உரிமை பற்றிய ஹேக் பரிந்துரைகளும் (1996), மொழி உரிமை பற்றிய ஓஸ்லோ பரிந்துரைகளும் (1998) அந்த அலுவலகத்தின் முயற்சியால் வந்தவை. நல்ல ஆவணங்கள்தாம். ஆனால் போர் வந்துவிடுமோ என்ற பயத்தில் எழுதப்பட்டவை.

அதே காலத்தில்தான் பாரி புஸான், ஓலே வேவர், யாப் டி வில்ட ஆகியோரின் நூல் (1998) வெளிவந்தது. கோபன்ஹேகன் சிந்தனைப் பள்ளி என்று இவர்களைச் சொல்வார்கள். இவர்கள் வாதம் சுவையானது. ஒரு விஷயம் தானாக ஆபத்தாக இருப்பதில்லை. 'இது ஆபத்து' என்று அதிகாரத்தில் உள்ளவர் சொல்லி, கேட்பவர் ஒப்புக்கொள்ளும்போதுதான் அது பாதுகாப்புப் பிரச்சினையாகிறது. அப்படி ஆனதும் சாதாரண அரசியலில் பேசித் தீர்க்கும் வாய்ப்புச் சுருங்கிவிடுகிறது.

இதை நேராகச் சிறுபான்மை உரிமைகளோடு பொருத்திக் காட்டியவர் கனடா நாட்டு மெய்யியலாளர் வில் கிம்லிக்கா. 2007இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுப்பும் விமர்சனத்தை நம்ம பாஷையில் இப்படிச் சொல்லலாம்: பாதுகாப்பை அடிப்படையாக வைத்து உரிமை கொடுத்தால், அடங்கியிருப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது, முரண்டு பிடிப்பவனுக்குக் கிடைக்கும். அழுகிற பிள்ளைக்குப் பால் என்பது வீட்டில் சரி. அரசின் கொள்கையே அதுவானால், எல்லாப் பிள்ளைகளையும் அழச் சொல்வதாகும்.

சான்றுக்குத் தெற்கு டிரோலைப் பார்க்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியோடு சேர்க்கப்பட்ட ஜெர்மன் மொழிப் பகுதி அது. 1946இலேயே ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஓர் உடன்பாடு செய்தன. அது முழுமையாக நிறைவேறவில்லை. 1960இல் ஆஸ்திரியா ஐ.நா. சபைக்குப் போயிற்று. 1961 ஜூனில் ஒரே இரவில் பல மின்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் 1972இல் வந்தது. வெடியால் மட்டுமே வந்தது என்று சொல்வது தவறு. பொறுமையான பேச்சுவார்த்தையும் அண்டை நாட்டின் ஆதரவும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவுமே இல்லாத ஒரு மொழிக் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் தெளிவான பதில் இல்லை.

வெள்ளறடை எந்தப் பெட்டியில்?

இப்போது எங்க ஊருக்கு வருவோம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டுச் சந்தைக்குப் போகிறவனுக்கு எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்பது கால்களுக்குத் தெரியாது. பெயர்ப்பலகையின் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் மொழிக்காக ஒரு கல்லும் எறியப்படவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். மலையாளிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்தோம். ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை இருந்தது. கேரளத்துத் தமிழர் என்றால் இடுக்கியும் பாலக்காடுமே ஆய்வாளர்களின் நினைவுக்கு வரும். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் ஒன்றரை விழுக்காடு. அதற்குள் வெள்ளறடை போன்ற எல்லைக் கிராமங்களின் நிலை என்ன என்று தேடினால் தனியாக ஓர் ஆய்வும் என் கைக்குக் கிட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆசிரியர் தரவேண்டும் என்ற விதி 1949 முதல் பேசப்படுவது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. இதை நம்பி எங்க பெரியப்பா ஒருமுறை தமிழில் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "இத இங்க ஆரு வாசிப்பா? மலையாளத்தில எழுதிட்டு வாரும்" என்றார்களாம். திட்டவில்லை, விரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். பெரியப்பாவும் சண்டை போடாமல் திரும்பிவிட்டார். சண்டை இல்லாததால் அது எந்த ஆய்வாளரின் அட்டவணையிலும் ஏறவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பேச்சு எந்த மொழி? மரச்சீனி, சக்கை, நல்லமிளகு, வெள்ளம் என்று நாங்கள் சொன்னால் மதுரைக்காரர் மலையாளம் என்பார். வாக்கியத்தை முடிக்கும் விதத்தைக் கேட்டுத் திருச்சூர்க்காரர் தமிழ் என்பார். ஐரோப்பிய அவையின் 'வட்டார அல்லது சிறுபான்மை மொழிகளுக்கான சாசனம்' 1992இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவே, ஆட்சிமொழியின் கிளைவழக்குகள் இதில் அடங்கா என்கிறது. எங்கள் பேச்சைத் தமிழ் என்றால் சிறுபான்மை மொழி. மலையாளத்தின் கிளைவழக்கு என்றால் ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறவர் யார்? எல்லைக் கிராமத்தில் இது வெறும் மொழியியல் கேள்வி அல்ல. பிள்ளைக்கு எந்தப் பாடநூல் கிடைக்கும் என்ற கேள்வி.

பிளென்ஸ்பர்க் எல்லை

இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஜெர்மனி - டென்மார்க் எல்லை. 1920இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஷ்லெஸ்விக் பகுதியைப் பிரித்தார்கள். வடக்கே ஜெர்மானியரும் தெற்கே டேனியரும் சிறுபான்மை ஆனார்கள். விளவங்கோட்டில் மலையாளம் பேசுவோரும் நெய்யாற்றின்கரையில் தமிழ் பேசுவோரும் நின்றுபோனது போலத்தான். 1955 மார்ச் 29 அன்று இரு அரசுகளும் பான், கோபன்ஹேகன் பிரகடனங்களை வெளியிட்டன. அது ஒப்பந்தம் அல்ல. ஒவ்வொரு அரசும் தன் பக்கத்துச் சிறுபான்மைக்குத் தனித்தனியாகத் தந்த வாக்குறுதி. அதில் ஒரு கொள்கை உண்டு: ஒருவர் தம்மை எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்கிறாரோ அதை அதிகாரிகள் மறுக்கவோ சோதிக்கவோ கூடாது. வெள்ளறடைப் பேச்சு எந்த மொழி என்ற கேள்விக்கு இதைவிடக் கண்ணியமான விடை எனக்குத் தெரியவில்லை.

இதன் பின்னாலும் பாதுகாப்புக் கணக்கு இருந்தது. மேற்கு ஜெர்மனி அப்போது நேட்டோவில் சேரும் தறுவாயில் இருந்தது. ஆனால் கணக்கு முடிந்த பின்னும் வாக்குறுதி நிலைத்தது. பிளென்ஸ்பர்க்கில் 1996இல் சிறுபான்மையினர் விவகாரங்களுக்கான ஐரோப்பிய மையமும் அமைந்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? பிரகடனங்கள் வந்த மறு ஆண்டுதான் 1956. அதே ஆண்டு ஜூனில் இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதன் பின்விளைவும் இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியாவில் அத்தகைய கொடுமை நேரவில்லை. ஆனால் 2006இல் தமிழ்நாடு தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2017இல் கேரளம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கியது. காசர்கோட்டுக் கன்னடர்கள் போராடினார்கள். தன் மொழியைக் காக்க ஒரு மாநிலம் சட்டம் செய்வதை நான் குறை சொல்லவில்லை. எல்லைக்கு அப்பால் இருக்கும் தன் மக்களுக்கு எதைக் கேட்கிறோமோ அதை எல்லைக்குள் இருக்கும் பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு சட்டசபைகளிலும் முதலிடம் பெறவில்லை என்பதே என் குறை. நாம் கன்னியாகுமரி மலையாளிகளை மறந்துவிட்டு வெள்ளறடைத் தமிழருக்காகப் பேசினால் அந்தப் பேச்சில் நியாயம் பாதிதான் இருக்கும்.

இங்கே நாம் யார்?

அதே ஐரோப்பியச் சாசனத்தின் முதல் பிரிவு, குடியேறியவர்களின் மொழிகளையும் விலக்குகிறது. ஜெர்மனி 1998இல் சாசனத்தை ஏற்றது. டேனிஷ், சோர்பியம், பிரீசியம், ரோமானி, கீழ்ஜெர்மன் ஆகியவை பாதுகாப்புப் பெற்றன. சனிக்கிழமைப் பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ் அதில் இல்லை. இதற்கு நியாயம் சொல்வார்கள்: சாசனம் அந்த மண்ணில் வழிவழியாக வழங்கிய மொழிகளுக்கானது; குடியேறியவர்களின் பிரச்சினை வேறு; அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இது ஓரளவு சரியான வாதம். ஆனால் அந்தத் தனி ஏற்பாடு இன்றுவரை அதே வலிமையோடு வரவில்லை. நான் பார்த்த வரையில், ஐரோப்பிய ஆய்வு நூல்களில் புலம்பெயர் தமிழர் அதிகம் தென்படுவது மோதல், பாதுகாப்பு என்ற அலமாரிகளில்தான். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்த காலத்தை ஒட்டியவை அவற்றில் பல. பண்பாட்டுக் கொள்கை அலமாரியில் நம்மைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெள்ளறடையில் வழிவழி வந்த மொழிக்கு ஆய்வு இல்லை, ஏனெனில் அங்கே பயம் இல்லை. இங்கே ஆய்வு உண்டு, ஏனெனில் பயம் உண்டு. இரண்டு இடத்திலும் விடுபட்டுப் போனது மொழிதான்.

கொள்வதும் தள்ளுவதும்

தள்ள வேண்டியது, ஒரு மொழியின் மதிப்பை அதனால் வரக்கூடிய தொல்லையைக் கொண்டு எடைபோடும் பழக்கம். கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, கண்காணிப்பு. சாசனத்தை ஏற்ற நாடுகள் அறிக்கை தரவேண்டும்; வல்லுநர் குழு நேரில் வந்து பேசுவோரிடம் கேட்டு எழுதுகிறது. நம் நாட்டிலும் 1957 முதல் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் உண்டு. அவரது அறிக்கைகள் கிராமம் வரை இறங்க வேண்டும். இரண்டாவது, நிலையான வரம்பு. பின்லாந்தில் ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் 8 விழுக்காடோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி ஊராட்சி. அங்கே அந்தத் தகுதி எளிதில் பறிபோகாது. அவர்கள் 3,000க்கும் குறைந்து 6 விழுக்காட்டுக்கும் கீழே போனால்தான் கேள்வி எழும். பிள்ளைகள் குறைந்தார்கள் என்று ஒரே ஆண்டில் வகுப்பை மூடிவிடுகிற நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, பரஸ்பர வாக்குறுதி. மாநிலங்கள் வெளிநாடுகள் அல்ல, ஒப்பந்தம் தேவையில்லை. பான், கோபன்ஹேகன் போல இரண்டு பிரகடனங்கள் போதும். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டமே மண்டலக் குழுக்களை அமைத்து, அவை மொழிச் சிறுபான்மையினர் பற்றி விவாதிக்கலாம் என்று 21ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ்நாடும் கேரளமும் தென்மண்டலக் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். கதவு ஏற்கெனவே இருக்கிறது. தட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பாறசாலை முதல் வெள்ளறடை வரையுள்ள எல்லைக் கிராமங்களுக்கும் அப்படியே விளவங்கோட்டு மலையாள வீடுகளுக்கும் அனுப்புங்கள். பள்ளியில் எந்த மொழி, மனுவில் எந்த மொழி, அடுக்களையில் எந்த மொழி என்று கேட்டு எழுதட்டும். பதிலை யாரும் திருத்த வேண்டாம். சொன்னதைச் சொன்னபடியே எழுதினால் போதும். அடுத்த மலரில் அந்தப் பட்டியலை அச்சிட நான்கு பக்கம் ஒதுக்குங்கள்.